கைரேகைச் சட்டம் முதல் கைப்பேசி வரை

(சிஞ்ச்வட்டில் தமிழ் பேசும் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மனிதர் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பதை அறியும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரை அடக்கியாளும் ஆற்றலில் பெரும்பகுதி அவர்களிடமே சென்று சேர்கிறது. இந்த உண்மை ஸ்மார்ட்போன் வந்த பிறகு புதிதாகத் தெரிய வந்ததன்று. சிஞ்ச்வட் மண்ணும் தமிழ்நாட்டு மண்ணும் நூறாண்டுகளுக்கு முன்பே இதை அனுபவித்து அறிந்தவை.

1897-இல் புனேயில் பிளேக் நோய் பரவியபோது, பிளேக் அதிகாரி ராண்டின் தலைமையில் வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டனர். அடுக்களையும் படுக்கையறையும் தப்பவில்லை. நோயுற்றவர் என்று ஐயுறப்பட்டோர் முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அந்த ஆண்டு ஜூன் 22 இரவில் ராண்டைச் சுட்டவர்கள் சிஞ்ச்வட்டைச் சேர்ந்த சாபேகர் சகோதரர்கள். தனிநபர் வன்முறை என்ற அவர்களது பாதையும், அவர்களது சனாதனப் பிடிப்பும் இடதுசாரிகளுக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும் அன்று புனே மக்களிடம் மூண்டிருந்த சினம் உண்மையானது. நோய்த் தடுப்பு தேவையாகத்தான் இருந்தது; மக்களை நம்பாத ஓர் அரசின் கையில் அது படையெடுப்பாக மாறியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் 2020-இல் கொரோனாக் காலத்திலும் பயன்படுத்தப்பட்டது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டின் அனுபவம் இதனினும் கொடியது. 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஊரார் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பதிவு செய்யப்பட்டவர் இரவில் காவல்துறையின் கண்பார்வையில் இருக்க வேண்டும். ஊரை விட்டு வெளியே செல்ல ராதாரிச் சீட்டு பெற வேண்டும். சென்ற இடத்தில் அதைக் காட்ட வேண்டும். கைரேகை தர மறுத்த மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் மாண்டனர். அச்சட்டத்தை ஒழிக்கும் போராட்டத்தில் பொதுவுடைமையாளர்களுக்கும் பங்குண்டு. சென்னை மாகாணத்தில் அது 1947-இல்தான் நீக்கப்பட்டது.

அன்று ராதாரிச் சீட்டைக் கொடுக்க ஒரு காவல் நிலையமும், சரிபார்க்க ஒரு காவலரும் தேவைப்பட்டனர். இன்று அந்தச் செலவும் அரசுக்கோ முதலாளிக்கோ இல்லை. திருக்குறளில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. அக்கால வேந்தன் ஒற்றர்களுக்குப் பொருள் கொடுத்தாக வேண்டியிருந்தது. இன்றோ கண்காணிக்கப்படுபவரே தமது ஊதியத்தில் தவணை கட்டி ஒற்றரை வாங்கி, மின்னூட்டம் செய்து, சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.

இருப்பிடம் எப்படி அறியப்படுகிறது?

இருப்பிடத்தை அறியும் வழி ஜிபிஎஸ் மட்டுமன்று. கைப்பேசி உயிருடன் இருக்கும்வரை ஏதேனும் ஒரு கோபுரத்தோடு தொடர்பில் இருக்கும். எந்தக் கோபுரம் என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறும். சுற்றிலும் உள்ள வைஃபை கருவிகள், புளூடூத், இணைய முகவரி ஆகியவையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இவற்றுக்கு மேல், ஒவ்வொரு ஸ்மார்ட்போனுக்கும் விளம்பரத்துக்கென ஓர் அடையாள எண் உண்டு. தட்பவெப்பம் சொல்லும் செயலியும், விளையாட்டுச் செயலியும், தள்ளுபடிக் கூப்பன் தரும் செயலியும் இந்த எண்ணோடு இருப்பிடத்தையும் சேர்த்துத் தரகர்களுக்கு விற்க முடியும்.

“பெயர் இல்லாத தரவுதானே?” என்று நிறுவனங்கள் சமாதானம் கூறுவதுண்டு. 15 லட்சம் பேரின் கைப்பேசித் தரவை ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் இருந்தால் நூற்றுக்கு 95 பேரைத் தனித்துப் பிரித்தறியலாம் என்று காட்டியது. இரவு முழுவதும் ஒரே வீட்டிலும், பகல் முழுவதும் ஒரே ஆலையிலும் இருக்கும் கைப்பேசி யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு?

கூகுளின் கதை இதில் பாடமாக அமைகிறது. “இருப்பிட வரலாறு” என்ற பொத்தானை அணைத்த பிறகும், வேறொரு பெயரிலுள்ள அமைப்பின் வழியே அந்நிறுவனம் பயனரின் இருப்பிடத்தைச் சேமித்து வந்ததை 2018-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. அதையொட்டி எழுந்த வழக்குகளில் 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தருவதாகக் கூகுள் உடன்பாடு செய்துகொண்டது. 2025 மே மாதத்தில், இருப்பிடத் தரவு உள்ளிட்ட அந்தரங்க மீறல் வழக்குகளை முடித்துக்கொள்ள டெக்சஸ் மாநிலத்துக்கு 137.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தொகை பெரிதாகத் தோன்றலாம். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2023-ஆம் ஆண்டு வருவாய் 30,700 கோடி டாலருக்கு மேல். அதில் முக்கால் பங்குக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. அந்த அளவில் அபராதம் என்பது தொழில் நடத்தும் செலவுகளில் ஒன்றாகிவிடுகிறது.

இந்தியாவிலும் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் அது சந்தை ஆதிக்கத்துக்கான அபராதம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தன் செயலிகளை முன்கூட்டியே பதித்துத் தருமாறு தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது அதிலுள்ள குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஏகபோகமும் கண்காணிப்பும் இரு வேறு நோய்கள் அல்ல. மாற்று இல்லாத சந்தையில் “ஒப்புக்கொள்கிறேன்” என்ற பொத்தானை அழுத்துவது, வேலையில்லாதவர் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதைப் போன்ற சுதந்திரமே.

விற்கப்பட்ட தரவு எங்கே போய்ச் சேரும்? உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பதிவிறக்கிய, தொழுகை நேரம் காட்டும் ஒரு செயலியின் இருப்பிடத் தரவு, எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்தின் வழியாக அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்களுக்குச் சென்றது 2020-இல் அம்பலமானது. 2024 ஜனவரியில்தான் அமெரிக்க வர்த்தக ஆணையம், உணர்வுபூர்வமான இடங்கள் பற்றிய தரவை அந்நிறுவனம் விற்பதற்குத் தடை விதித்தது.

ஆலைக்குள்ளும் தெருவிலும்

அந்தரங்கம் என்பது நடுத்தர வர்க்கத்தின் கவலை, ஒற்றையறை வீட்டில் ஆறு பேர் வாழும் தொழிலாளிக்கு அது எதற்கு என்ற கேள்வி இடதுசாரிகளுக்குள்ளேயே எழுவதுண்டு. கண்காணிப்பு முதலில் யார் மீது ஏவப்பட்டது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

மகாராஷ்டிரத்தின் நாக்பூரிலும், பின்னர் சண்டிகரிலும் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டப்பட்டது. பெரும்பாலும் தலித்துகளான அத்தொழிலாளர்கள், இது கொத்தடிமைத்தனம் என்று 2020-இல் சண்டிகர் வீதிகளில் போராடினர்.  ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், நாளுக்கு இருமுறை இருப்பிடக் குறியீட்டுடன் கூடிய ஒளிப்படம் கட்டாயமாயிற்று. சிக்னல் கிடைக்காத ஊர்களில் வேலை செய்தவர்களுக்குக் கூலி மறுக்கப்பட்டது. ஹரியானாவில் 2021-இல், அரசு தந்த கைப்பேசியில் தங்கள் நடமாட்டத்தை அறியக்கூடிய செயலியை ஏற்க ஆஷா ஊழியர்கள் மறுத்துப் போராடினர்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் சாலைகளில் உணவும் பொதியும் கொண்டு செல்லும் இளைஞர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். மேற்பார்வையாளர் முகம் அங்கே இல்லை. எந்தச் சந்தில் நின்றார், எத்தனை நிமிடம் தாமதம், எந்த வட்டாரத்தை விட்டு வெளியேறினார் என்பனவற்றைச் செயலி கணக்கிடுகிறது. அடுத்த ஆர்டர் யாருக்கு என்பதை அதே கணக்கு தீர்மானிக்கிறது. ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரம் பதிவாகிறது. அதற்குக் கூலி கிடைப்பதில்லை. வேலைநாளின் நிமிடங்களைத் துளித்துளியாகத் திருடுவது மூலதனத்தின் பழைய பழக்கம், கருவிதான் புதிது.

இதன் அரசியல் விளைவு இன்னும் ஆழமானது. ஆலை வாயிலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் 20 ஒப்பந்தத் தொழிலாளர்கள் சங்கம் அமைப்பது பற்றிப் பேசக் கூடுகிறார்கள் எனக் கொள்வோம். அந்த 20 கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்த செய்தி, சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் எழுதப்படுவதற்கு முன்பே எங்கோ பதிவாகிவிடும். மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்போருக்கு இதுவே விடை. அமைப்பாகத் திரளும் உரிமைக்கு, எதிரியின் பார்வைக்கு வெளியே கூடிப் பேசும் உரிமை அடிப்படை.

அரசின் கை

புனேயில் 2017 டிசம்பர் 31 அன்று சனிவார்வாடாவில் நடந்த எல்கர் பரிஷத்தை ஒட்டித் தொடுக்கப்பட்ட வழக்கு அனைவரும் அறிந்ததே. குற்றம் சாட்டப்பட்டவர்களின் கணினிகளுக்குள் கோப்புகள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டதாக அமெரிக்காவின் ஆர்சனல் ஆய்வகம் 2021 முதல் அடுத்தடுத்து அறிக்கைகள் தந்தது. தமிழ்நாட்டில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று மாண்டார்.

அதே வழக்கில் ஏறத்தாழ ஐந்தாண்டுச் சிறைக்குப் பின்னர் வெர்னான் கோன்சால்வஸ், அருண் ஃபெரேரா ஆகியோருக்கு 2023 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. ஒரு நிபந்தனை: அவர்களது கைப்பேசியின் இருப்பிட வசதி 24 மணி நேரமும் இயங்க வேண்டும், அது தேசியப் புலனாய்வு முகமை அதிகாரியின் கைப்பேசியோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 5 அன்று பேராசிரியர் ஷோமா சென்னுக்கும் அத்தகைய நிபந்தனையே விதிக்கப்பட்டது. சிறைக் கதவு திறந்தது. ராதாரிச் சீட்டு கையில் திணிக்கப்பட்டது.

மூன்றே மாதங்களில், 2024 ஜூலை 8 அன்று, உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு இதற்கு மாறான தீர்ப்பை வழங்கியது. ஃபிராங்க் வைட்டஸ் என்ற நைஜீரியர் தொடர்பான போதைப்பொருள் வழக்கில், கூகுள் வரைபடத்தில் தம் இடத்தைக் குறித்துக் காட்ட வேண்டும் என்று பிணை நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் அதை நீக்கினர். பிணையில் வந்தவரின் ஒவ்வோர் அசைவையும் தொழில்நுட்பத்தின் துணையால் காவல்துறை தொடர வகை செய்யும் எந்த நிபந்தனையும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவை மீறும் என்று தெளிவுபடுத்தினர். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த தீர்ப்பின் இயல்பான தொடர்ச்சி இது.

ஆனால் நாடாளுமன்றத்தில் எதிர்த் திசையில் காற்று வீசுகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒன்றிய அரசு அறிவிக்கும் எந்த அரசு அமைப்புக்கும் விலக்களிக்க 17-ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகத் தொழிலாளியின் சம்மதமின்றியே அவரது தரவைக் கையாள 7-ஆம் பிரிவு முதலாளிக்கு இடந்தருகிறது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43-ஏ பிரிவை நீக்கவும் வகை செய்கிறது. போதாக்குறைக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, அதிகாரிகள் தகவலை மறுக்கப் புதிய திரை தந்திருக்கிறது. குடிமக்கள் அரசுக்குக் கண்ணாடியாகவும், அரசு குடிமக்களுக்குச் சுவராகவும் ஆக்கப்படுகிறார்கள்.

எதிர்ப்பு பயன் தராது என்று எவரும் சோர்வடைய வேண்டியதில்லை. 2020 மே 1 அன்று எல்லா ஊழியர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட ஆரோக்ய சேது செயலி, எதிர்ப்புக்குப் பின் அந்த மாதமே கட்டாய நிலையிலிருந்து தளர்த்தப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில், புதிய கைப்பேசிகள் அனைத்திலும் சஞ்சார் சாத்தி செயலியைப் பதிக்குமாறு பிறப்பிக்கப்பட்ட ஆணை, நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் டிசம்பர் 3 அன்று திரும்பப் பெறப்பட்டது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, தற்காப்பு. ஒவ்வொரு செயலிக்கும் தரப்பட்டுள்ள இருப்பிட அனுமதியைத் திறந்து பார்த்து, தேவையற்றதை நீக்க வேண்டும். தேவையானதற்கும் பயன்படுத்தும்போது மட்டும் அனுமதி போதும். விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். முக்கியமான கூட்டங்களுக்குக் கைப்பேசி வராதிருப்பதே நன்று. இருப்பிட வசதியை அணைத்தாலும் கோபுரப் பதிவு தொடரும் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவதாக, சங்க மேடை. தனிமனித எச்சரிக்கையால் மட்டும் இது தீராது. செயலியை நீக்கினால் வேலை போகும் தொழிலாளிக்கு அமைப்பு பக்கத்தில் நிற்க வேண்டும். கண்காணிப்புக் கருவி எதுவாயினும் சங்கத்துடன் பேசி உடன்பாடு காணாமல் புகுத்தக் கூடாது, வேலை நேரம் முடிந்ததும் கண்காணிப்பு முடிய வேண்டும், செயலியின் பதிவைக் கொண்டு கூலியை வெட்டக் கூடாது, அப்பதிவைத் தொழிலாளி பார்க்கவும் மறுக்கவும் உரிமை வேண்டும் ஆகியவை கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேயே இடம்பெற வேண்டும்.

மூன்றாவதாக, அரசியல் போராட்டம். தரவுச் சட்டத்தின் 7, 17-ஆம் பிரிவுகள் திருத்தப்பட வேண்டும். நீதிமன்ற ஆணையின்றி எவரது இருப்பிடத்தையும் அரசு பெறக் கூடாது. தகவல் உரிமைச் சட்டம் முன்னிருந்த நிலைக்கு மீட்கப்பட வேண்டும்.

தொழில்நுட்பத்துக்கு இடதுசாரிகள் பகைவர்கள் அல்லர். விபத்தில் சிக்கியவரை ஆம்புலன்ஸ் தேடிச் சேர்வதும் இதே வசதியால்தான். அது யார் கையில், யாருக்குக் கட்டுப்பட்டு, யார் நலனுக்காக இயங்குகிறது என்பதே கேள்வி. அந்தக் கேள்வியைச் சிஞ்ச்வட்டின் ஒவ்வொரு ஆலை வாயிலுக்கும், ஒவ்வொரு குடியிருப்புக்கும், மராத்தியிலும் தமிழிலும் இந்தியிலும் எடுத்துச் செல்வது இங்குள்ள கிளைகளின் அடுத்த பணி.