பந்து துள்ளுவதும் தரையின் குணமும்

தோட்டத் திடலில் பிள்ளைகள் பந்து விளையாடுவதை நாம் தினமும் பார்க்கிறோம். வெயில் நாளில் துள்ளி ஓடும் பந்து, மழைக்கு மறுநாள் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். பந்து மாறவில்லை; தரைதான் மாறிவிட்டது. கோல்ப் திடலிலும் இதே கதைதான். நம் நாட்டில் பல ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் கோல்ப் திடல்களாகிவிட்டன. புல் பராமரிக்கும் வேலைக்கு நம் பிள்ளைகளும் போகிறார்கள். ஆகவே இதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

முதல் காரணம் ஈரம். மண்ணில் நீர் மிகுந்தால் மண் இளகிவிடும். பந்து மோதும் வேகத்தைத் தரையே விழுங்கிவிடும்.

இரண்டாவது, மண்ணின் இனம். களிமண் நீரைப் பிடித்து வைக்கும். மணல் கீழே விட்டுவிடும். ஸ்காட்லாந்தில் கோல்ப் விளையாட்டுக்குப் பெயர்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ், கடலோர மணற்பாங்கான இடம். அங்கே மழைநீர் விரைவில் வடிந்து, பந்து நன்றாக ஓடும். மற்ற இடங்களில் அந்த மணலை மனிதனே போட வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கோல்ப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறைப்படி, குழியைச் சுற்றியுள்ள புல்தரையின் அடியில் சுமார் 30 சென்டிமீட்டர் மணற்கலவையும், அதன்கீழ் 10 சென்டிமீட்டர் சரளைக்கல்லும், அதற்கும் கீழே வடிகுழாயும் இருக்கும்.

மூன்றாவது, புல்லின் அடியில் மட்காமல் சேரும் பழைய தண்டும் வேரும். அது அரை அங்குலத்துக்கு மேல் தடித்தால், நனைந்த மெத்தைபோல் பந்தை அமுக்கிவிடும். அங்கே வளர்க்கும் பெர்முடா புல், பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லின் இனமே. அது வேகமாகப் படர்வதால் இந்த மெத்தையும் வேகமாகச் சேரும்.

அப்படியானால் தரை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லதா? இல்லை. லோரியும் டிராக்டரும் ஏறி இறுகிய மண்ணிலும் பந்து துள்ளும். ஆனால் அங்கே வேருக்குக் காற்றுப் போகாது, மழைநீர் இறங்காது, புல் பட்டுப்போகும். விழுகிற பிள்ளைக்கு அடியும் பலமாகப் படும். நீர் வடிந்து உறுதியாக நிற்கும் தரை வேறு. மிதிபட்டு இறுகிய தரை வேறு.

இதற்காகவே கோல்ப் திடல்களில் இயந்திரத்தால் துளையிட்டு மணல் நிரப்புகிறார்கள். நமக்கு இயந்திரம் வேண்டியதில்லை. திடலைச் சுற்றிக் கால்வாய் வெட்டுவோம். மண் நனைந்திருக்கும்போது வண்டி ஏறாமல் தடுப்போம். கோல்முனைக்கு எதிரே மண் இறுகிய இடத்தில் கடப்பாறையால் துளையிட்டு மணல் போடுவோம். நாலு வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைகொடுத்தால் வேலை தொடங்கிவிடும். பயன் நம் பிள்ளைகளுக்கே.