பழம்பதியில் இல்லம்: பொருள் வரைதல் காட்டும் வழி

 

பற்றறுத்தலைப் போற்றும் பத்து அறங்களின் விழாவில் வீடு வாங்குவது பற்றிய உரை பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். துறவிக்கு வீடு இல்லை, சாவகனுக்கு உண்டு. ஆகவே வீட்டைப் பற்றிய விரதமும் அவனுக்கே உரியதாகிறது. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில், பொருள் வரைதல் என்னும் அணுவிரதம் கெடும் வழிகளை எண்ணுமிடத்து, பொன்னையும் தானியத்தையும் கூறுவதற்கு முன்னரே நிலத்தையும் மனையையும் கூறுகிறது. அளவு மீறும் ஆசை முதலில் பற்றும் பொருள் எது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

கொங்கு நாட்டில் இதனை எண்ணிப் பார்த்தற்கு உரிய ஊர் விசயமங்கலம். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இடையே, இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் வாய்த்த பழம்பதி அது. அங்கே மேட்டுப்புதூரில் எட்டாம் தீர்த்தங்கரரான சந்திரப்பிரபருக்குக் கோயில் உண்டு. நெட்டைக் கோபுரம் என்பது மக்கள் வழங்கும் பெயர். பெருங்கதை இயற்றிய கொங்குவேளிர் அவ்வூரினர் என்பது வழிவழி வரும் செய்தி. நன்னூல் அருளிய பவணந்தி முனிவரின் ஊராகப் போற்றப்படும் சீனாபுரமும் அண்மையில் உள்ளது. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரின் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை புல்லப்பை, விசயமங்கலத்தில் சல்லேகனை நோற்று உயிர் நீத்ததைக் கல்வெட்டு கூறுகிறது.

பெருந்துறை சிப்காட் ஒருபுறமும் திருப்பூரின் பின்னலாடைத் தொழில் மறுபுறமும் வளர, இடைப்பட்ட ஊர்களின் காடுதோட்டங்கள் மனைப்பிரிவுகளாகி வருகின்றன. இத்தகைய ஊரில் கோயிலுக்கு அருகே ஓர் இல்லம் வேண்டும் என்னும் விருப்பம் நல்விருப்பமே. ஆயினும் அது வாழ்வதற்கா, விலை ஏறும் வரை பூட்டி வைப்பதற்கா என்பதே முதல் வினா. பூட்டிய வீட்டில் விளக்கு எரிவதில்லை. அவ்வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒருவரும் செல்வதில்லை. பழம்பதிக்கு வேண்டுவது உரிமையாளர் அல்லர், குடியிருப்போர். ஆதலால் மனையைப் பார்க்கச் செல்வதற்கு முன்னரே குடும்பத்தார் கூடி, இத்தனை வீடு, இவ்வளவு நிலம் என்று வரையறுத்தல் வேண்டும். வாங்கிய பின் வகுக்கும் அளவு வாங்கியதற்கு ஏற்ப நீளும். அது விரதம் ஆகாது.

அடுத்தது பொய்யாமை. பொய் ஆவணம் எழுதுதலை வாய்மை விரதத்தின் குற்றமாக அதே நூல் எண்ணுகிறது. கிரயப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி, எஞ்சியதை ரொக்கமாகக் கொடுப்பது ஊர் வழக்கம் என்று சொல்லப்படுகிறது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து பெருஞ்சுமை என்பது மெய்யே. ஆனால் சுமை பெரிதாயிற்று என்பதால் பொய் மெய்யாகாது. அசையாச் சொத்தின் விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்துள்ளது. மேலும், சாலைக்காக நிலம் எடுக்கப்படும்போது இழப்பீட்டை வகுக்க அக்கம்பக்கத்துப் பத்திரங்களின் விலையும் நோக்கப்படுகிறது. ஒருவர் எழுதிய பொய்விலை, அடுத்த தோட்டத்து உழவரின் இழப்பீட்டைக் குறைக்கக்கூடும். அப்போது பொய்யாமையோடு கொல்லாமையும் குன்றுகிறது. பிறர்க்கு வரும் துன்பமும் இம்சையே அன்றோ?

மூன்றாவது கள்ளாமை. பழைய ஊர்களில் பூர்வீக வீடு விலைக்கு வரும்போது ஆண்மக்கள் மட்டும் கையொப்பமிட முன்வருவதுண்டு. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டிலும், நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டிலும் செய்யப்பட்ட சட்டத் திருத்தங்கள் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளிர்க்கும் பிறப்புரிமை அளித்தன. உடன்பிறந்தாள் சீர் பெற்றுச் சென்றுவிட்டாள் என்பது அவள் பங்கை வாங்குவதற்கு விடை ஆகாது. அவளும் மனமொப்பிக் கையொப்பமிடுதல் சட்டத்திற்காக மட்டுமன்று, விரதத்திற்காகவும் வேண்டும்.

அங்ஙனமே வில்லங்கச் சான்று, பட்டா, அ பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை ஒப்புநோக்குதல் தன் பணத்தைக் காப்பதற்கு மட்டும் அன்று. வேலிக்குள் வந்த வாய்க்காலும் குளத்துப் புறம்போக்கும் ஊராரின் பொருள். அளவில் கூடுதலாகக் கொள்வதையும், அரசின் விதியை மீறுவதையும் கள்ளாமையின் குற்றங்களாக நூல் கூறுகிறது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளைப் பற்றியும், 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டம் மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் தடையும் அதற்கப்பால் 200 மீட்டரில் முன் அனுமதியும் விதிப்பதைப் பற்றியும் முன்கூட்டியே அறிதல் நன்று. கோயிலின் அருகில் வாழ விரும்புவோர் கோயிலுக்கு இடையூறாக வாழ்தல் தகாது.

இனி, குடிபுகுந்த பின் வாழும் முறை. கொங்கு நாட்டின் தொட்டிக்கட்டு வீடு கிடைத்தால் இடிப்பதற்கு முன் பழுது பார்க்க இயலுமா என்று கொத்தனாரையும் தச்சரையும் கேட்டல் வேண்டும். ஓட்டுக் கூரையின் இடுக்கில் குருவியும் அணிலும் முன்னரே குடியிருக்கும். மண்ணில் சிற்றுயிர்கள் பெருகும் மழைக்கால நான்கு திங்களில் அடித்தளம் தோண்டாமல் பொறுத்தல் சாவகர்க்கு அழகு. குடிநீரை வடிகட்டிப் பருகும் வழக்கமும், பகல் உணவு நெறியும் அண்டை வீட்டாரோடு பகை இன்றி விளங்க வேண்டும். அவர்கள் மாரியம்மன் நோன்பு சாட்டும் நாளில் மகிழ்ந்து நிற்பவரே, மகாவீரர் பிறந்தநாளில் அவர்களை இல்லத்திற்கு அழைக்க உரியர்.

புல்லப்பை அவ்வூரில் விட்டுச் சென்றது வீட்டை அன்று, நோன்பை. ஆயினும் அவளை இன்றும் அவ்வூர் நினைவில் வைத்திருக்கிறது. அளவறிந்து வாங்கி, மெய்விலை எழுதி, பிறர் பங்கு கொள்ளாமல், விளக்கேற்றி வாழும் இல்லம் ஒன்று அமைந்தாலும் பழம்பதிக்கு அது பேறு. அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!