கண்ணப்பராய் வந்த கலைஞர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தமிழ்ச் சங்க மேடையில் கன்னட நடிகர் ஒருவரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அன்பர் சிலர் வினவினர். நியாயமான வினாவே. மைசூரில் உண்டு உறங்கி வாழும் நாம், அண்டை வீட்டார் நெஞ்சில் வைத்துப் போற்றும் ராஜ்குமாரை அறியாதிருத்தல் அழகன்று என்பதே நமது விடை.

அவர் பிறந்த காஜனூர், இன்று ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பக்கத்தில் உள்ளது. 1929ஆம் ஆண்டில் அது சென்னை மாகாணத்து ஊர். இங்கிருந்து செல்லும் இருப்புப்பாதை சாமராஜநகரத்தோடு நின்றுவிடும், அப்பால் சாலைவழிதான். பயணச்சீட்டு எழுதும் நமக்கு இத்தகைய செய்திதான் முதலில் நினைவுக்கு வருகிறது, பொறுத்தருள்க. பெற்றோர் இட்ட பெயர் முத்துராஜ். தந்தையார் புட்டசாமையா நாடக நடிகர். மகன் பள்ளிப் படிப்பைச் சில வகுப்புகளோடு விடுத்து, குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கே பாடத் தெரியாதவனுக்கு வேடமில்லை. ஒலிபெருக்கியை நம்பாது கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடவேண்டும். அவரது தெளிந்த உச்சரிப்புக்கு அந்தப் பயிற்சியே வித்து என்பது நமது எண்ணம்.

1954இல் எச். எல். என். சிம்ஹா இயக்கிய 'பேடர கண்ணப்பா' அவரைத் திரையில் நாயகனாக்கிற்று. ராஜ்குமார் என்ற பெயரும் சிம்ஹா சூட்டியதே. கதை யாருடையது? நமது பெரியபுராணத்துக் கண்ணப்ப நாயனாருடையது! அதில் அவருக்காகப் பின்னணி பாடியவரும் நம் சிதம்பரம் ஜெயராமனே. பின்னர்ப் பல்லாண்டுகள் பி. பி. ஸ்ரீனிவாஸ் அவருக்குக் குரலானார். மேடையில் பாடி வளர்ந்தவர் திரையில் பிறர் குரலுக்கு வாயசைத்த காலம் நெடிது. 1974இல் 'சம்பத்திகே சவால்' படத்தில் தாமே பாடினார். நாடெங்கும் அப்பாடல் முழங்கியது. 1992இல் வெளிவந்த 'ஜீவன சைத்ர'வில் பாடியதற்குத் தேசிய விருதும் கிட்டிற்று.

இருநூறுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தார். அவரது 'கஸ்தூரி நிவாசா'வே 1975இல் சிவாஜி கணேசன் நடிக்க 'அவன்தான் மனிதன்' ஆயிற்று. நம் மைசூர்ப் பல்கலைக்கழகம் 1976இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பத்மபூஷண், தாதாசாகிப் பால்கே விருதுகளும் வந்தன.

2000ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாளை நாம் மறக்கவொண்ணாது. காஜனூர் இல்லத்திலிருந்து வீரப்பன் அவரைக் கடத்திச் சென்றான். அந்த 108 நாட்களும் கன்னடநாட்டுத் தமிழர் இல்லங்களில் அடுப்பு எரிந்ததேயன்றி மனம் ஆறவில்லை. தெருவில் தமிழில் உரக்கப் பேசவும் தயங்கினோம். அவர் நலமாய் மீளவேண்டுமென நம் பெண்டிர் விளக்கேற்றியது அச்சத்தால் மட்டுமா? இல்லை. 'பபுருவாஹனா'வையும் 'பங்காரத மனுஷ்ய'வையும் அண்டை வீட்டாரோடு சேர்ந்து கண்டு அழுதவர்கள் அவர்கள். நவம்பர் 15இல் அவர் விடுதலையானார். 2006 ஏப்ரல் 12இல் மறைந்தபோது, கண்ணப்பராய் நடித்த அவருடைய கண்கள் தானமாக அளிக்கப்பட்டன.

சங்கச் செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் கண்ணப்பர் கதையை நம் பிள்ளைகள் நடிக்கட்டும். முற்பகுதி தமிழிலும் பிற்பகுதி கன்னடத்திலும் அமையட்டும். இரண்டையும் தடுமாறாது பேசுவோர் நம் பிள்ளைகளே. தெருவாரையும் அழைப்போம். நாற்காலி வாடகையில் ஒரு பகுதியை நாம் ஏற்கச் சித்தமாயுள்ளோம்.