அந்தப் பணம் யாருடையது?



சிங்கப்பூரில் உணவங்காடியில் சாப்பிட்டு எழுபவர் டிப்ஸ் வைப்பதில்லை. பெரிய உணவகம் என்றால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்துவிடும். இதே பழக்கத்தோடு மரினா பே முனையத்தில் உல்லாசக் கப்பல் ஏறும் குடும்பத் தலைவர், கடைசி இரவு கணக்கைப் பார்த்துத் திடுக்கிடுகிறார். ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று டிப்ஸ் ஏறியிருக்கிறது. நான்கு பேர், நான்கு இரவு என்றால் அந்தத் தொகை 16 மடங்கு! உடனே, "இதை எடுத்துவிடுங்கள்" என்று சேவை முகப்பில் போய் நிற்கிறார்.

சில கப்பல்களில் எடுக்கவும் முடியும். ஆனால் அந்தப் பணம் யாருடையது? நாள்தோறும் அறையைச் சுத்தம் செய்தவர், மேசையில் பரிமாறியவர், பயணியின் கண்ணிலேயே படாத சமையலறை ஊழியர் எனப் பலர் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று பல நாட்டிலிருந்து குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் கடலில் உழைப்பவர்கள் அவர்கள். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்பதே அனைத்துலகக் கடல்சார் தொழிலாளர் உடன்பாடு அவர்களுக்குத் தரும் பாதுகாப்பு. பலருக்கு வருமானத்தில் பெரும்பகுதி டிப்ஸ்தான்.

கட்டணத்தில் டிப்ஸ் அடங்குமா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்பவருக்குக் கடைசி இரவு அதிர்ச்சி இல்லை. சேவையில் குறையிருந்தால் அன்றைக்கே சொல்லலாம். சரிசெய்ய வாய்ப்பு கிடைக்கும். குறையே இல்லாதபோது டிப்ஸை வெட்டுவது சிக்கனம் ஆகாது. அது இன்னொருவர் வீட்டுக்குப் போகவேண்டிய சம்பளம்.