கம்பி வழி வந்த குரல்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "பத்து நிமிஷம் பேசுப்பா, ஆனா இன்ஜினியரிங் வேண்டாம்"னார். ஆகவே ஒரு கவிஞரைப் பற்றிப் பேசுகிறேன். நடுவில் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் வந்தால் அண்ணன் மன்னிக்கணும்.

அவர் பெயர் ஓல்கா பெர்கோல்ட்ஸ். ஊர் லெனின்கிராட், இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை அதை வளைத்தது. முற்றுகை முழுசாக நீங்கியது 1944 ஜனவரியில். 1941 நவம்பர் கடைசியில் ஒரு நாள் ரொட்டி தொழிலாளருக்கு 250 கிராம், மற்றவர்களுக்கு 125. நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸைத் திட்டினவங்க கொஞ்சம் யோசிக்கணும்!

போர் தொடங்கியதும் ஜனங்களின் வானொலிப் பெட்டிகளை அரசு வாங்கி வைத்துக்கொண்டது. மிஞ்சியது, கம்பி வழியாக வீட்டுக்கு வரும் ஒலிபெருக்கி. கேபிள் டி.வி. மாதிரிதான், ஆனால் ஸ்டேஷனை மாற்ற முடியாது. நிகழ்ச்சி இல்லாதபோது அதில் மெட்ரோனோம் 'டிக் டிக்' என்று ஓடும். மெதுவாக அடித்தால் ஆபத்தில்லை, வேகமாக அடித்தால் விமானத் தாக்குதல். கம்யூனிகேஷன் படிக்கிற தம்பிகளே, இதைவிட எளிய சிக்னல் உண்டா?

அந்தக் கம்பியில்தான் ஓல்கா பேசினார். குளிர், இருட்டு, ரொட்டி எல்லாம் அவர் கவிதையில் வந்தன. 1942 ஜனவரியில் கணவர் பட்டினியால் இறந்தார். அடுத்த மாதமே 'பிப்ரவரி நாட்குறிப்பு' என்ற நெடுங்கவிதையை வானொலியில் வாசித்தார்.

என்னை உறுத்துவது வேறு. 1938 டிசம்பரில் இதே அரசுதான் அவரைச் சிறையில் போட்டது. வயிற்றிலிருந்த குழந்தையை அங்கேயே இழந்தார். 1939-இல் விடுதலை. 1942-இல், ஊரே அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, டாக்டரான அவர் அப்பாவை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். பெயரில் ஜெர்மன் வாடையாம்! அந்த வசந்தத்தில் மாஸ்கோ போனார். பட்டினிச் சாவைப் பற்றி அங்கே வாய் திறக்க விடவில்லை. பேசாமல் அங்கேயே தங்கியிருக்கலாம். முற்றுகைக்குள் திரும்பி வந்தார்.

"அப்போ அவங்க கவர்மெண்ட் ஆளுதானே?" என்று என் நண்பன் கேட்டான். எனக்கு அப்படிப் படவில்லை. மைக் அரசாங்கத்தோடது, சரி. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருட்டில் பசியோடு கிடந்த பக்கத்து வீட்டுக்காரர்கள். கோபத்தை எல்லாம் தன் சொந்த நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவர் மறைந்தது 1975-இல். அந்த நாட்குறிப்பு முழுசாக அச்சேற அப்புறமும் பல வருஷம் ஆயிற்று.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.