படங்கள் சொன்னதும் நாங்கள் சொல்லாததும்

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அண்ணை, அண்மையிலை பார்த்த நல்ல படங்களைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் கதையுங்கோ" என்று செயலாளர் ரெலிபோனில் கேட்டபோது, யோசியாமல் ஓம் சொல்லிவிட்டேன். எங்கடை ஆக்கள் படத்தைப் பற்றிக் கேட்பது இரண்டே இரண்டு கேள்விதான். "படம் எப்பிடி?" ஒன்று. "குடும்பத்தோடை பாக்கலாமோ?" மற்றது. நான் இன்றைக்கு நாலு படங்களைச் சொல்லப் போகிறேன். நாலையும் குடும்பத்தோடு பார்க்கலாம். பார்க்கலாம் என்ன, பார்க்க வேணும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நாலும் மத்திய கிழக்கைப் பற்றிய படங்கள். உங்களில் பலருக்குத் தெரியும், நான் இந்த நாட்டுக்கு அகதியாக வர முன்னம் 1984 முதல் ஆறு வருஷம் டுபாயில் இருந்தவன். ஒரு அறையில் பன்னிரண்டு பேர். வியாழன் இரவு எல்லோரும் காசு போட்டு ஒரு டெக்கும் மூன்று கசெற்றும் வாடகைக்கு எடுப்போம். வெள்ளி விடியும்வரை படம் ஓடும். மலையாளி, தமிழ்நாட்டுக்காரர், பாகிஸ்தானி, நாங்கள் இரண்டு யாழ்ப்பாணத்தார். நாங்கள் பார்த்த அந்தப் படங்களில் எங்களைப் போன்ற ஒருவனை நான் கண்டதில்லை. டுபாய் என்றால் கறுப்புக் கண்ணாடியும், ஒரு பெரிய சூட்கேசும், சென்ற் வாசமும்தான்.

முதலாவது படம் பழசு. சேரன் எடுத்த வெற்றிக் கொடி கட்டு, 2000ஆம் ஆண்டு வந்தது. தேசிய விருதும் பெற்றது. டுபாய் வேலைக்கென்று ஏஜென்ற்றிடம் காசைக் கட்டி ஏமாந்த இரண்டு பேர், முரளியும் பார்த்திபனும். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முகமில்லாமல், ஒருவர் மற்றவரின் வீட்டுக்குப் போய் நிற்கிறார்கள். இதே படத்தில்தான் டுபாயில் இருந்து திரும்பி வந்து பெருமை அடிக்கும் வடிவேலு. பார்த்திபன் அவரைக் குறுக்குக் கேள்வி கேட்டுத் துளைத்தெடுக்கும் காட்சிகளை நீங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். நானும் வயிறு நோகச் சிரித்தவன்தான்.

போன கோடையில் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போது என்ரை மகள் திரும்பிக் கேட்டாள்: "அப்பா, நீங்கள் டுபாயிலை என்ன வேலை செய்தனீங்கள்?"

இவ்வளவு காலமும் வீட்டில் நான் சொல்லி வைத்தது "கொம்பனியிலை சுப்பவைசர்". உண்மை என்னவென்றால், நான் கொங்கிரீட் சுமந்தவன். கடைசி எட்டு மாசம் மட்டும் களஞ்சிய அறையில் கணக்கு எழுதினேன். அதைத்தான் ஆறு வருஷமாக நீட்டி வைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு விளங்கியது, வடிவேலு செய்தது என்னைத்தான்.

1986 தைப்பொங்கலுக்கு லீவில் ஊருக்குப் போனபோது தோளில் ஒரு நஷனல் பனசொனிக் ரேப் ரெக்கோடரோடு ஒழுங்கையால் நடந்து போனேன். பவுடர், சென்ற், சாறி எல்லோருக்கும் கொடுத்தேன். "அங்கை எப்பிடி மோனை?" என்று அம்மா கேட்டா. "நல்லாயிருக்கு அம்மா, ஏசி அறை" என்றேன். ஏசி இருந்தது உண்மை. அது வேலை செய்யவில்லை என்பதைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து இதையெல்லாம் வாய் பார்த்துக்கொண்டிருந்தவன் சித்தியின்ரை மகன், என்ரை தம்பி முறை. அடுத்த வருஷம் காணியை ஈடு வைத்து அவன் சவூதிக்குப் போனான். இதைப் பிறகு சொல்லுகிறேன்.

இரண்டாவது படம் பத்தேமாரி. மலையாளம், 2015. சலிம் அகமது எடுத்தது, மம்முட்டி நடித்தது. பத்தேமாரி என்றால் பாய்க்கப்பல். 1960களில் கேரளத்தில் இருந்து விசா இல்லாமல், கள்ளமாக மரக்கலத்தில் ஏறி, கொர்பக்கான் கரைக்கு எட்டத்தில் கடலில் குதித்து நீந்திக் கரையேறியவர்களின் கதை. அந்தக் காலத்தில் ஐக்கிய அரபு இராச்சியம் என்று ஒரு நாடே இல்லை, அது 1971 டிசம்பரில்தான் உருவானது. எங்களில் எத்தனை பேர் இருட்டில் போட்டில் ஏறி வந்தவர்கள்! அந்தக் கடல் காட்சியைப் பார்க்கும்போது கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் படத்தின் பாரம் கடலில் இல்லை. நாராயணன் என்ற அந்த மனிதன் திரும்பி வரலாம், திரும்பி வரலாம் என்று வருஷங்களைத் தள்ளுகிறான். தங்கச்சியின் கலியாணம், வீடு, பிறகு பிள்ளைகள். ஒவ்வொரு லீவிலும் ஒரு புதுச் செலவு காத்திருக்கிறது. ஊரில் உள்ளவர்களுக்கு அவன் கொண்டு வரும் பெட்டி தெரிகிறது, அவன் தெரியவில்லை. அவர்களிலும் பிழை இல்லை. அவன் ஒன்றும் சொல்வதில்லையே! படம் மெல்லத்தான் நகரும். சண்டை, குத்துப்பாட்டு ஒன்றும் இல்லை. பொறுமையாக இருந்து பாருங்கோ.

மூன்றாவது கத்தாமா, 2011. இதுவும் மலையாளம், கமல் எடுத்தது. இது நடிகர் கமல் இல்லை, மலையாள இயக்குநர். அரபு வீடுகளில் வேலைக்காரப் பெண்ணை அழைக்கும் சொல்தான் தலைப்பு. புருஷனை இழந்த ஒரு பெண், சவூதியில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய், அடி தாங்காமல் ஓடுகிறாள். காவ்யா மாதவன் நடித்து, கேரள அரசின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். ஒரு வீட்டின் கதவை வெளியால் பூட்டினால் அந்த வீடு சிறையாகிவிடும் என்பதைப் படம் காட்டுகிறது. முடிவை நான் சொல்லமாட்டேன்.

இந்தப் படத்தை எங்கடை தாய்மார் பார்க்க வேணும். ஏனென்றால் இலங்கையில் இருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனவர்களில் தமிழ் பேசும் பெண்கள் எத்தனையோ பேர். மூதூர் றிசானா நபீக்கை மறந்துவிட்டோமா? 2005இல் சவூதிக்குப் போனபோது அந்தப் பிள்ளைக்கு 17 வயது. பாஸ்போட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பினார்கள். போய்ச் சில கிழமைகளில், அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக் குழந்தை இறந்தது. கொலை என்றார்கள். தகுந்த மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாக்குமூலம் எடுக்கப்பட்டது என்று மனித உரிமை அமைப்புகள் முறையிட்டன. உலகமெல்லாம் மன்னிப்புக் கேட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை வெட்டப்பட்டது. அவள் பேசியது எங்கள் மொழி. அவளுடைய கதையை எங்கள் மொழியில் ஒரு முழுநீளப் படமாக நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி நாலாவது. ஆடு ஜீவிதம். பஹ்ரைனில் வேலை செய்த பென்யாமின் 2008இல் எழுதிய நாவல். பிளெஸ்ஸி படமாக்கி 2024 மார்ச் 28ஆம் திகதி வெளிவந்தது. இசை ஏ. ஆர். ரகுமான். தமிழிலும் குரல் கொடுத்து வெளியிட்டார்கள், ஆகவே மொழி தெரியாது என்ற சாட்டு வேண்டாம். ஜோர்தான் நாட்டின் வாடி ரம் பாலைவனத்தில் எடுக்கும்போது 2020 கொரோனாவில் படக்குழு முழுவதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டது. பிருத்விராஜ் உடம்பை எலும்பும் தோலுமாக வற்ற வைத்து நடித்திருக்கிறார்.

கதை தெரிந்ததுதான். ஆற்றில் மணல் அள்ளின நஜீப் சவூதிக்குப் போகிறான். விமானநிலையத்தில் கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை. ஒரு அரபுக்காரன் வந்து பாஸ்போட்டை வாங்கிப் பார்த்து, வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலைவனத்தில் ஆட்டுப்பட்டியில் விட்டுவிடுகிறான். காய்ந்த குபூஸை நனைத்துத் தின்பதும், ஆட்டோடு ஆடாவதும், தப்பி ஓடுவதும்தான் மிச்சம். பாலைவனத்தில் நடக்கும் பகுதி கொஞ்சம் நீளம், ஒரு பத்து நிமிஷம் வெட்டியிருக்கலாம். ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

இந்தப் படத்தை நான் தனியே பார்க்கவில்லை. முன்னம் சொன்ன அந்தத் தம்பியும், சித்தியின்ரை மகன், இப்போது இந்த நகரத்தில்தான் இருக்கிறான். அவனையும் கூப்பிட்டேன். பாதியில் எழும்பி பல்கனிக்குப் போய்விட்டான். சிகரெட் பத்தப் போகிறான் என்று நினைத்தேன். அவன் சிகரெட்டை விட்டு எத்தனையோ காலம் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. படம் முடிந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்:

"அண்ணை, எங்களுக்குத் தண்ணி இருந்தது. அதுதான் வித்தியாசம்."

முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கதைத்தான். பதினொரு மாசம் சம்பளம் இல்லை. அக்காமாவை முதலாளி புதுப்பிக்கவில்லை, ஆகவே வெளியே போனால் பொலிஸ். ஊருக்குக் கடிதம் போட முத்திரைக்குப் பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் காசு கொடுத்திருக்கிறான். அந்தக் கடிதத்தில் இவன் என்ன எழுதினான் தெரியுமோ? "நல்லாயிருக்கிறன், ஏசி அறை." நான் சொன்ன அதே வசனம்! "உங்களிட்டை இருந்துதான் படிச்சனான்" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேணும். இந்தப் படம் நெற்ஃபிளிக்ஸில் வந்த பிறகு சவூதியில் பலர் கோபித்து எழுதினார்கள், எங்களை இப்படிக் காட்டுவதோ என்று. அந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. எல்லா அரபுக்காரரும் அப்படி இல்லை. படத்திலேயே, வழியில் கிடந்தவனைக் காரில் ஏற்றி நகரத்தில் இறக்கி விடுபவனும் ஒரு அரபுக்காரன்தான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன்ரை பிக்கப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவரும் ஒரு உள்ளூர்ப் பெரியவர். பிழை ஒரு இனத்தில் இல்லை, ஒருவனின் விசாவும் பாஸ்போட்டும் இன்னொருவனின் சட்டைப் பையில் இருக்கும் முறையில்தான். அந்த முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. கத்தார் 2020இல் வேலை மாறுவதற்கு முதலாளியின் அனுமதி தேவை என்பதை எடுத்தது. சவூதியும் 2021இல் சில தளர்வுகள் கொண்டு வந்தது, ஆனால் வீட்டு வேலைக்காரரை அதில் சேர்க்கவில்லை. எங்கள் காலத்தில் இதெல்லாம் கனவு.

ஏன் இவ்வளவும் சொல்லுகிறேன் என்று நீங்கள் யோசிக்கலாம். 2022இல் ஊரில் பெற்றோலும் இல்லை, காஸும் இல்லை என்ற நிலை வந்தபோது, அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இலங்கையில் இருந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அதில் பெரும்பகுதி மத்திய கிழக்குக்கு. ஏஜென்சிக் காசுக்கு அவர்கள் ரெலிபோன் எடுப்பது யாருக்கு? எங்களுக்குத்தானே!

என்ரை தங்கச்சியின் மகனும் எடுத்தான். "மாமா, அபுதாபிக்கு ஒரு வேலை. காசு அனுப்புவியளோ?" நான் சொன்னேன்: "அனுப்பிறன். முதலிலை ஆடு ஜீவிதமும் பத்தேமாரியும் பார்த்துப்போட்டு எடு." அவன் பகிடி என்று நினைத்தான். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது குரல் மாறியிருந்தது. கேட்க வேண்டிய கேள்விகளை இரண்டு பேருமாக எழுதினோம். ஒப்பந்தம் அவனுக்கு விளங்கும் மொழியில் இருக்கிறதோ? ஏஜென்சி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்ததோ? இறங்கும்போது கூட்டிப்போக வருபவரின் பெயரும் நம்பரும் என்ன? முதல் ஏஜென்சி ஒப்பந்தத்தைக் காட்ட மறுத்துவிட்டது, விட்டுவிட்டான். வேறு ஒன்றால் போனான். இப்போது ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. நாலு பேருக்கு ஒரு அறை. சம்பளம் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவு. இதையெல்லாம் அவனே தாய்க்குச் சொல்லியிருக்கிறான். "மாமா, நான் அம்மாவுக்கு ஒண்டும் மறைக்கேல்லை" என்றான். அந்தச் சொல்லுக்காகவே அனுப்பின காசு பெறும்.

மலையாளிகள் தங்கள் கதையை நாவலாக எழுதினார்கள், படமாக எடுத்தார்கள், அழுதார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நாங்கள் கடல் கடந்து வந்த கதைக்காவது 2015இல் தீபன் என்ற பிரெஞ்சுப் படம் கான் விழாவில் முதற்பரிசு வாங்கியது, எங்கடை ஆளே நடித்தார். மத்திய கிழக்கில் வெயில் குடித்தவர்களின் கதை இன்னும் எங்கள் வாய்க்குள்ளேதான் கிடக்கிறது. படம் எடுக்க எங்களிடம் காசு இல்லாமல் இருக்கலாம். பிள்ளைகளுக்குச் சொல்ல என்ன காசு வேணும்?

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த மாத ஒன்றுகூடலில் இதே மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்திருந்து ஆடு ஜீவிதத்தைத் தமிழில் பார்ப்போம் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். அதற்கு வேண்டிய ஒழுங்குகளை அவர்கள் பார்ப்பார்கள். தேத்தண்ணியும் வடையும் என் பொறுப்பு. படம் முடிந்ததும் உடனே எழும்பி ஓடாதையுங்கோ. இந்தச் சபையில் குவைத், கத்தார், சவூதி, டுபாய் என்று இருந்துவிட்டு வந்தவர்கள் குறைந்தது ஒரு இருபது பேராவது இருப்பீர்கள். ஒரு அரை மணித்தியாலம் இருந்து, பிள்ளைகளுக்கு முன்னால், செய்த வேலையின் உண்மையான பெயரைச் சொல்லுவோம். முதலில் நான் எழும்பிச் சொல்லுகிறேன்.