ப்ளூபெர்ரியும் நானும்

அமெரிக்காவிலிருந்து பெண் கொண்டுவந்த உலர்ந்த ப்ளூபெர்ரியை, 'சர்க்கரைக்கு நல்லது' என்று நம்பி தினம் ஒரு கைப்பிடி சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் சர்க்கரை எகிறிவிட்டது! பொட்டலத்தை அப்புறம்தான் திருப்பிப் பார்த்தேன். எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன் செய்கிற காரியமா?

புதுப் பழம் வேறு. 100 கிராமில் சர்க்கரை 10 கிராம்தான், நார்ச்சத்து 2.4 கிராம். வைட்டமின் சி சுமார் 10 மில்லிகிராம்; நெல்லிக்காய்க்கு முன் அது எம்மாத்திரம்! பெருமையெல்லாம் தோலிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமிக்குத்தான். ரத்தக் குழாய்களுக்கு அது நல்லது என்று ஆய்வுகள் சொல்கின்றன. டெல்லித் தெருக்களில் ஜூலையில் ஜாமுன் என்று விற்கிறார்களே, அந்த நாவல் பழத்திலும் அது உண்டு, விலையும் குறைவு.

எதைச் சாப்பிட்டாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தியிருந்தேன். முன்வரிசையில் இருக்கும் என் ஆத்துக்காரிக்கே இது இப்போதுதான் தெரியும்.